ஐஸ் வீடா, சூரிய அடுப்பா, வெந்நீர் டம்ளரா?

வெப்பம் பரவும் வழிகளான கடத்தல் (தொடுவதால்), சலனம் (காற்றோ நீரோ நகர்வதால்), கதிர்வீச்சு (கதிராக) மூன்றையும் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாக ஒப்பித்துவிடுவார்கள். "ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். "சீக்கிரம் உருகிடும் சார்" என்று பலர் சொல்வார்கள். உண்மையில் கம்பளி வெளிவெப்பத்தைத் தடுத்து உருகுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் கம்பளியே சூடு தருகிறது என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. பிள்ளைகளே வடிவமைத்துச் செய்யும் வேலைகளில் எது இந்த நினைப்பை அசைக்கும்?

சூரிய அடுப்புக்குத்தான் கவர்ச்சி அதிகம். அட்டைப்பெட்டி, உள்ளே கறுப்புத் தாள், மேலே கண்ணாடி, மூடியில் அலுமினியத் தாள். 1767-இல் சுவிஸ் விஞ்ஞானி சோசூர் செய்த சூடான பெட்டியின் பேரப்பிள்ளை இது. கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விட்டு, சூடான கறுப்புத் தாள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கிறது என்பது நல்ல பாடம். ஆனால் ஒரு பீரியடில் முடியாது. இடைவெளியை அடைத்துவிட்டு மறுபடி சோதிப்பதற்குள் வெயில் மாறிவிடும். எது திருத்தத்தின் பலன், எது வெயிலின் பலன் என்று பிரிக்க முடியாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால் ஆய்வக வெப்பமானியும் வேண்டும்.

வெந்நீர் டம்ளர் மலிவானது. டம்ளரைச் சுற்றி எதையாவது கட்டி, வெந்நீரை அதிக நேரம் ஆறாமல் காப்பது யார் என்று குழுக்களுக்குள் போட்டி. 60 டிகிரி தண்ணீரே போதும், கொதிக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வரைபடம் போடலாம். கணக்கு ஆசிரியருக்குக் கொண்டாட்டம். சிக்கல் என்னவென்றால், மூடி போட்ட குழுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். திறந்த டம்ளரில் ஆவியாதலால் நிறைய வெப்பம் போய்விடுகிறது. அதுவோ நாம் சொல்லித்தர வந்த மூன்றில் இல்லை. எல்லா டம்ளருக்கும் மூடி என்று வைத்துக்கொண்டால்தான் போட்டி நியாயம்.

என் ஓட்டு ஐஸ் வீட்டுக்கு. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஷ்னிட்கா உருவாக்கிய பாடத்திட்டம் ஒன்றில், பெங்குவின் வடிவ ஐஸ் கட்டி உருகாமல் காக்கப் பிள்ளைகள் வீடு கட்டுகிறார்கள். பெங்குவின் இல்லாவிட்டால் பரவாயில்லை, சாதாரண கட்டி போதும். மேலே குண்டு பல்பு (எல்இடி அவ்வளவாகச் சூடு தராது), கீழே சூடேறிய கறுப்புத் தரை, சுற்றிலும் சூடான காற்று. மூன்று வழியிலும் ஒரே நேரத்தில் வெப்பம் தாக்குகிறது. எந்த வழியை மறந்தாலும் அங்கே உருகும். அலுமினியத் தாளைக் கூரையில் போட்ட குழு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். அதையே தரையில் விரித்து அதன் மேல் ஐஸை வைத்த குழுவுக்கு, உலோகம் தரையின் சூட்டைக் கடத்துவதால், அடிப்பக்கம் முதலில் கரையும். "பளபளப்பா இருந்தா குளிர்ச்சி" என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துபோகிறது. கம்பளியில் சுற்றிய கட்டியும், ஒப்பிட வெறுமனே வைத்த கட்டியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அளப்பதும் சுலபம். தராசு இல்லையா? உருகிய நீரை ஊசி மாட்டாத சிரிஞ்சில் உறிஞ்சிப் பாருங்கள்: 1 மில்லி என்றால் 1 கிராம் ஐஸ் போயிற்று. ஒரு கிராம் உருக 80 கலோரி என்பதால், உள்ளே நுழைந்த வெப்பத்தையே கணக்கிடலாம். இருபது நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அப்புறம் திருத்திக் கட்டி, அதே பல்பின் கீழ் மறுபடி வைக்கலாம். சூரிய அடுப்பில் இதற்குத்தான் வழியில்லை.

சுவரின் தடிமனுக்கு மட்டும் முதலிலேயே வரம்பு சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் குழுவும் கனமான தெர்மாக்கோலை வாங்கி வந்து நிற்கும்.