புண் வாய் மூடியதைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள்: கால் எலும்பில் சீழ் உள்ளவர்கள் கவனத்திற்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வீடு வீடாக வந்து, ஆறாத கால் புண்ணை வேரோடு குணமாக்குவதாகச் சொல்லித் தைலமும் மாத்திரையும் விற்கும் ஒருவரைப் பற்றி எச்சரிக்கவே இதை எழுதுகிறேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் விற்கும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

என் அண்ணன் செம்பனைக் குலை வெட்டுபவர், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர். மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய கணைக்கால் (முழங்காலுக்குக் கீழுள்ள) எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு முறிந்ததால், அரசு மருத்துவமனையில் தகடு பொருத்தினார்கள். நடமாடத் தொடங்கிய சில மாதங்களில் தழும்பின் ஓரத்தில் சிறு துளை விழுந்து சீழ் கசிந்தது. அந்தச் சமயத்தில் வந்த விற்பனையாளர், தம் தைலம் எலும்பு வரை இறங்கும் என்றும் இனிப்புநீரும் சேர்ந்தே குணமாகும் என்றும் உறுதி கூறி, 1,800 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, பெயரே ஒட்டாத மாத்திரைப் புட்டிகளைக் கொடுத்தார்.

துளை மூடியது. உடனே அதைப் படம் பிடித்து விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டு, இரண்டாம் கட்டச் சிகிச்சை என்று மேலும் பணம் கேட்டார்கள். பிறகு காய்ச்சல் வந்து, கால் வீங்கி, சற்றுக் கீழே வேறொரு துளை திறந்தபோது, கெட்ட நீர் வெளியேறுவது நல்ல அறிகுறி என்று தொலைபேசியில் சமாதானம் சொன்னதோடு, மருத்துவமனை மருந்தையும் நிறுத்தச் சொன்னார்கள். இதுதான் என்னால் மன்னிக்கவே முடியாதது.

துளை மூடியதை ஏன் குணமானதாகக் கொள்ளக்கூடாது என்பதை ஈப்போ மருத்துவமனையில் எங்களுக்கு விளக்கினார்கள். கணைக்காலின் முன்புறத்தில் எலும்பை மூட அநேகமாகத் தோல் மட்டுமே இருப்பதால், அங்கே தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு முறிந்தால் கிருமி எளிதில் எலும்பைப் பற்றுகிறது. பெரும்பாலும் அது ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. தகட்டின் மீதும் செத்த எலும்பின் மீதும் அது பிசின் போன்ற படலம் கட்டிக்கொண்டு வாழ்கிறது. செத்த எலும்புக்கு இரத்த ஓட்டம் இல்லை. இரத்தத்தின் வழியே செல்லும் ஆன்டிபயாடிக் மருந்தே அங்கே போதிய அளவு சேராதபோது, தோலில் தேய்க்கும் தைலம் எப்படிச் சேரும்? உள்ளே செத்த எலும்பு இருக்கும்வரை மேல்வாய் மூடினாலும் சீழ் தேங்கி வேறொரு வழியைத் தேடும். ஆண்டுக்கணக்கில் சீழ் வடியும் புண்ணில் அரிதாகத் தோல் புற்றுநோய்கூட உருவாகும்.

அண்ணனுக்கு அறுவைச் சிகிச்சையில் தகட்டை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி நீக்கி, அந்த எலும்புத் துண்டையே கிருமிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மேல்புண்ணில் பஞ்சால் எடுக்கும் சீழ், உள்ளிருக்கும் கிருமியைச் சரியாகக் காட்டாமல் போகலாம். அதன் பிறகு சுமார் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் மருந்தும், இனிப்புநீர்க் கட்டுப்பாடும் தொடர்ந்தன. மண்ணில் வேலை செய்யும் நம்மவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் உள்ள மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயைத் தரும் கிருமி இனிப்புநீர் உள்ளவர்களை அதிகம் தாக்கும், எலும்பிலும் தங்கும், வழக்கமான பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காது. ஆகவே கிருமி எதுவென்று தெரிந்து மருந்து கொடுப்பது மிகவும் அவசியம்.

முறிவோ தகடோ இருந்த காலில் சீழ், வீக்கம், தணியாத வலி அல்லது காய்ச்சல் வந்தால் சுகாதார கிளினிக்குக்குச் சென்று எலும்பு நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். அங்கே குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் திரும்பிவிடாதீர்கள். எலும்பில் ஏற்படும் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரிய 10 முதல் 14 நாள் ஆகலாம். இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் முன்னதாகவே துப்புத் தரக்கூடும்.

மருந்து விற்க யார் வந்தாலும் புட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இனிப்புநீரைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடை செய்கிறது. ஏமாந்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், மிஞ்சிய மாத்திரைகள் எதையும் வீசிவிடாமல் மாநில மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் செய்யுங்கள். நாங்களும் அங்கேதான் கொடுத்திருக்கிறோம். இதே ஆளிடம் வாங்கிய மற்றவர்களும் புகார் செய்தால் வழக்கு வலுப்பெறும்.