கலே வழியா, ரோட்டர்டாம் வழியா? கோச் ஓட்டுநர் வீடு திரும்பும் கணக்கு

ரைன் நதிக்கரையில் ஒரு வாரச் சுற்றுலா. அது முடிந்ததும் 46 பேரைக் கோச்சில், அதாவது சுற்றுலாப் பேருந்தில், ஜெர்மனியின் கோப்லென்ஸிலிருந்து வட இங்கிலாந்தின் லீட்ஸுக்குத் திரும்பக் கூட்டி வர வேண்டும். இந்த வேலை போன வருடமும் எனக்கு வந்தது, இந்த வருடமும் வந்தது. போன வருடம் பிரான்ஸின் கலேயில் கப்பல் ஏறி, இங்கிலாந்தின் தென்கிழக்கு முனையில் உள்ள டோவரில் இறங்கி வந்தேன். இந்த முறை நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் இரவுக் கப்பல் ஏறி, லீட்ஸ் பக்கமே இருக்கும் ஹல் துறைமுகத்தில் இறங்கினேன். வட இங்கிலாந்துக் குழு என்றால் என் ஓட்டு இரவுக் கப்பலுக்குத்தான்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கலே–டோவர் கப்பல் பயணம் ஒன்றரை மணி நேரம். நாள் முழுக்கக் கப்பல் உண்டு, ஒன்று போனால் அடுத்தது. கலேயிலிருந்தே கடலுக்கடியில் வண்டிகளை ஏற்றிப் போகும் சுரங்க ரயிலில் 35 நிமிடம். காற்றும் அலையும் அதை ஒன்றும் செய்வதில்லை. ரோட்டர்டாம்–ஹல் இரவுக்கு ஒரு கப்பல்தான், விட்டால் மறுநாள். கேபினும் சேர்வதால் செலவும் கூடுதல். இப்படி மேலோட்டமாகப் பார்த்தால் கலேதான் ஜெயிக்கும். அலுவலகத்தில் பல பேர் கணக்கை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் வண்டியில் டேக்கோகிராஃப் என்று ஒன்று இருக்கிறது; ஓட்டும் நேரம், வேலை, ஓய்வு எல்லாவற்றையும் பதிவு செய்யும் கருவி. ஒரு நாளில் ஓட்டக்கூடியது 9 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை. அதற்கு 15 நிமிடம் முன்பே கருவி எச்சரிக்க ஆரம்பித்துவிடும். அதோடு ஒவ்வொரு 24 மணி நேரத்துக்குள்ளும் 11 மணி நேர ஓய்வு வேண்டும். ஒரு வார ஓய்வுக்கும் அடுத்த வார ஓய்வுக்கும் நடுவில் மூன்று முறை அதை 9 ஆகக் குறைக்கலாம். அதாவது எவ்வளவு இழுத்தாலும், ஒற்றை ஓட்டுநரின் நாள் 15 மணி நேரத்தில் முடிந்தாக வேண்டும்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். கோப்லென்ஸிலிருந்து கலே சுமார் 490 கி.மீ. டோவரிலிருந்து லீட்ஸ் சுமார் 430. ஆக 920. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் விடாது. எங்கும் பிரேக்கைத் தொடாமல் வந்தாலே 9 மணி 12 நிமிடம். பிரஸ்ஸல்ஸ் சுற்றுச் சாலையும், லண்டனைச் சுற்றும் எம் 25 நெடுஞ்சாலையும், அது தேம்ஸைக் கடக்கும் டார்ட்ஃபோர்டும் அப்படி வர விடுமா? 10 மணி நேரம் தாண்டிவிடும். அதனால் கலே வழி வந்தால் பாதியில் மாற்று ஓட்டுநர் வேண்டும், இல்லையென்றால் வழியில் ஓர் இரவு தங்க வேண்டும். மலிவு என்று சொன்ன வழியின் செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

போன வருடம் மாற்று ஓட்டுநர் ஏற்பாடு. காலை 7 மணிக்குக் கிளம்பினோம். காற்றினால் கப்பல் ஒன்றரை மணி நேரம் தாமதம். லண்டனுக்கு வடக்கே எம் 11 நெடுஞ்சாலையின் சர்வீஸ் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பியபோது என் 15 மணி நேரம் முடிய அரை மணிதான் பாக்கி. அங்கே வர வேண்டிய மாற்று ஓட்டுநர் நெரிசலில் மாட்டிக்கொண்டார். வண்டி நிற்கிறது, வெளியே மழை. பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து வந்து, இரவு போட வேண்டிய இரத்த அழுத்த மாத்திரை பெட்டிக்குள் இருக்கிறது என்றார். அடிப்பக்கக் கதவைத் திறந்தால் அவர் பெட்டி கடைசியில். முப்பது பெட்டிகளை நனைந்த தரையில் இறக்கி, மாத்திரையை எடுத்துக் கொடுத்து, மறுபடி அடுக்கினேன். அதுவும் வேலை நேரம்தான், டேக்கோகிராஃபில் போடும் என் அட்டையில் அப்படித்தான் பதிவானது.

ஒரு மணி நேரம் கழித்து மாற்று ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்தார். பயணிகள் நள்ளிரவு தாண்டி லீட்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். நான் போகவில்லை. பயணியாகப் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் அந்த நேரம் ஓய்வாகாது. பக்கத்து விடுதியில் படுத்து, மறுநாள் ரயில் பிடித்து வீடு வந்தேன். ஒரு வாரம் கூடவே இருந்தவர்களுக்குச் சரியாகப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இந்த வருடம் காலை எட்டரைக்குக் கிளம்பி வென்லோ, ஐந்தோவன் வழியாக 400 கி.மீ.க்குள் ரோட்டர்டாமின் யூரோபோர்ட் துறைமுகம். மதியச் சாப்பாட்டுக்கு நன்றாக நிறுத்த நேரம் இருந்தது. மாலை கப்பல் ஏறியதும் வண்டித் தளத்தைப் பூட்டிவிடுவார்கள்; யாரும் பெட்டி கேட்க முடியாது, இரவுக்கு வேண்டியதைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி முன்கூட்டியே அறிவித்திருந்தேன். எனக்குத் தனிக் கேபின்.

விதி இதற்கு இடம் கொடுக்கிறது: படுக்கை இருந்தால், கப்பலில் எடுக்கும் 11 மணி நேர ஓய்வை வண்டி ஏற்றவும் இறக்கவும் இரண்டு முறை இடையில் நிறுத்தித் தொடரலாம், இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன், ஊர் நெருங்கி வருகிறது. காலையில் இறங்கும்போது எனக்குப் புது நாள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் சோதனை ஹல்லில்தான், கலே போல ஏறுமுன் அல்ல; அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அப்புறம் எம் 62-இல் லீட்ஸ் சுமார் 100 கி.மீ.

கடைசிப் பயணி இறங்கினாலும் ஓட்டுநரின் வேலை முடிவதில்லை. டிப்போவுக்குப் போக வேண்டும், கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், இருக்கைக்கு இருக்கை குனிந்து பார்க்க வேண்டும். இந்த முறை கிடைத்தது ஒரு மூக்குக் கண்ணாடி, ஒற்றைக் கையுறை. பகல் வெளிச்சத்தில், தூங்கி எழுந்த கண்ணோடு இதைச் செய்வதும் இரவு 1 மணிக்குச் செய்வதும் ஒன்றல்ல. அதன் பிறகு சொந்தக் காரை ஓட்டி வீட்டுக்குப் போக வேண்டுமே, அந்தத் தூரத்தை எந்த டேக்கோகிராஃபும் பார்ப்பதில்லை. எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் இதுதான்.

சுரங்க ரயிலில் ஒரு நல்லது: பயணிகள் வண்டியோடே இருப்பார்கள், தளம் மாறிப் போய் யாரையும் தேட வேண்டாம். நடக்கச் சிரமப்படும் குழுவுக்கு அது பெரிய உதவி. ஆனால் 35 நிமிடம் 45 நிமிட இடைவேளைக்குப் போதாது. முன்பே 15 எடுத்திருந்தால் மீதி 30-க்குச் சரியாக இருக்கும். கலே கப்பலில் முழு இடைவேளையும் கிடைத்து, சாப்பிடவும் நேரமிருக்கும்.

நான் வடகடலைக் கடந்தது இதோடு இரண்டு முறை, இரண்டிலும் கடல் அமைதி. குளிர்காலப் புயலில் போனதில்லை, அதனால் டிசம்பர் பயணத்துக்கு இதே தெம்போடு சொல்ல மாட்டேன். இரண்டு ஓட்டுநர்கள் போனால் நாளின் எல்லை 21 மணி நேரமாகிறது, அப்போது கலே மறுபடி போட்டிக்கு வரும். லண்டன், கென்ட் குழுக்களுக்கு யோசிக்கவே வேண்டாம், கலேதான். ரோட்டர்டாம் எடுப்பவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான கேபினை முதலிலேயே சொல்லி வையுங்கள், எண்ணிக்கை குறைவு. அடுத்த வசந்தத்துக்கு என் குழுவுக்கு மூன்று கேட்டிருக்கிறேன்.