எப்போதும் 100-ஆ, 80-இல் நிறுத்தமா? லேப்டாப் பேட்டரியும் எங்கள் ஊர் கரண்டும்

2022 ஜூனில் எங்கள் குடும்பத்தில் ஒரே நாளில் ஒரே மாடல் லேப்டாப் இரண்டு வாங்கினோம். ஒன்று எனக்கு. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்தில் வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இன்னொன்று அத்தானுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு. அவர் மார்த்தாண்டத்தில் வீட்டு பிளான் வரைகிறார். இரண்டிலும் புதிதில் பேட்டரியின் கொள்ளளவு, அதாவது அது பிடிக்கும் மின்சாரத்தின் அளவு, 45 வாட்-அவர். மூன்று வருடம் ஓடிய பிறகு, அத்தான் "என் பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூட நிற்கமாட்டேங்குது, உனக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டார். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தோம். என்னுடையதில் இன்னும் 39 வாட்-அவர் பிடிக்கிறது, அவருடையதில் 27.

ரிப்போர்ட் எடுப்பது சுலபம். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதி என்டர் தட்டினால் ஒரு பக்கம் தயாராகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்றைக்கு உள்ளது. இந்த இரண்டு எண்ணையும் பார்க்காமல் பேட்டரி நல்லதா கெட்டதா என்று பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

அத்தானும் நானும் செய்தது இரண்டு வேறு காரியம். அவர் காலையில் ஆபீஸ் திறந்ததும் சார்ஜரைச் செருகுவார், இரவு பூட்டும்போதுதான் எடுப்பார், பேட்டரி நாள் முழுக்க 100 சதவீதத்தில் இருக்கும். நான் வாங்கிய வாரமே 80-இல் சார்ஜ் நிற்கும்படி செட்டிங் மாற்றிவிட்டேன்.

100-இல் வைப்பது தப்பு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான காரணத்தைச் சொல்வார்கள், "ஓவர்சார்ஜ் ஆகிவிடும்" என்று. அப்படி ஆகாது. நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும், லேப்டாப் அடாப்டரில் இருந்து நேரடியாக ஓடும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. லித்தியம் அயான் செல் ஒன்று நிறையும்போது ஏறக்குறைய 4.2 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் ரசாயனத்துக்கு ஓய்வு கிடையாது, மெல்ல மெல்ல சிதைந்துகொண்டே இருக்கும், லித்தியத்தின் ஒரு பங்கு மறுபடி பயன்படாதபடி மாட்டிக்கொள்ளும். நாம் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இது நடக்கும். 80-இல் நிறுத்தினால் வோல்ட்டேஜ் இறங்கிவிடுகிறது, சிதைவின் வேகமும் குறைகிறது.

சூடு இதோடு சேரும்போதுதான் பேட்டரி சீக்கிரம் போகிறது. பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் பலரும் எடுத்துக்காட்டும் ஒரு அட்டவணை உண்டு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஓராண்டு சும்மா வைத்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், 100 சதவீத சார்ஜோடு வைத்தால் 80. அதே 40 டிகிரி என்றால் முன்னது 85, பின்னது 65. நம் மாவட்டத்தில் வெயில் 40-ஐத் தொடுவது அபூர்வம், கடலும் மலையும் காப்பாற்றுகின்றன. ஆனால் லேப்டாப்பின் அடிவயிற்றுக்கு வானிலை அறிக்கை எதற்கு? அத்தான் முப்பரிமாணப் படம் ஓட்டும்போது கீழே கை வைத்தால் சுடும். அவர் ஆபீஸ் கான்கிரீட் மொட்டைமாடிக்கு நேர் கீழே, பங்குனி சித்திரையில் உள்ளே போனாலே வேர்த்துக் கொட்டும். ஆகவே அவருடைய 27-க்கு 100 மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 100-ம் சூடும் சேர்ந்து சாப்பிட்டது. எதை முதலில் சரி செய்யலாம் என்று அவர் கேட்டபோது நான் சூட்டைத்தான் சொன்னேன். இப்போது லேப்டாப்புக்கு அடியில் பின்பக்கம் இரண்டு மரத்துண்டு வைத்து உயர்த்தியிருக்கிறார், காற்றுப்போக்கி வழியாகத் தூசியும் தட்டியாயிற்று. மெத்தை மேல், தலையணை மேல் வைத்து ஓட்டுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், காற்று போகும் வழி முழுக்க அடைத்துப்போகும்.

இவ்வளவு சொன்ன பிறகு 80-தான் ஜெயித்தது என்று முடித்துவிடலாம்தான், ஆனால் நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டம். இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. குலசேகரம், அருமனை பக்கமெல்லாம் கரண்ட் கம்பி ரப்பர் தோட்டத்துக்குள்ளும் தென்னை மரங்களுக்கு நடுவிலும்தான் போகிறது, ஒரு மட்டை விழுந்தால் போதும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது மரமும் போஸ்ட்டும் சரிந்து பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த மாதிரி நாளில் கையில் 80 இருப்பதற்கும் 100 இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், என் லேப்டாப்பில் கணக்கு வேலைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு மாதத்துக் கணக்கை அனுப்பி முடிக்க அது போதும்.

இன்னொன்று இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் தாண்டி வேளிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் அம்மா உள்ளே இருந்தே சத்தம் போடுவாள், "மக்களே, இடி வெட்டுது, வயரைப் பிடுங்கிப் போடு!" அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. லோ வோல்ட்டேஜுக்கு லேப்டாப் பயப்படத் தேவையில்லை, அடாப்டரின் மேல் 100-240 என்று அச்சடித்திருப்பார்கள், அதற்குள் எது வந்தாலும் தாங்கும். இடி இறக்கும் மின்வீச்சை எந்த அடாப்டரும் தாங்காது. ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். ஆக, "எப்போதும் செருகியே வை" என்ற வழி நம் ஊருக்கு வருடத்தில் பாதி நாள் ஒத்துவராது.

நான் இப்போது செய்வது இதுதான்: சாதாரண நாளில் 80. காலையில் வானம் கறுத்திருந்தால் அப்போதே 100, ஈ.பி.யிலிருந்து மறுநாள் பராமரிப்பு என்று அறிவிப்பு வந்தால் முந்தின ராத்திரியே 100. ரயிலேறும் நாளிலும் 100, ஏனென்றால் பெட்டியில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்ட்டை பெரும்பாலும் அணைத்துவிடுகிறார்கள். 100-ஐத் தொடுவதால் பேட்டரிக்குக் கேடு இல்லை, 100-இலேயே நாள்கணக்கில் கிடப்பதுதான் கேடு. இந்த செட்டிங் லெனோவோவில் கன்சர்வேஷன் மோட் என்ற பெயரில் இருக்கும், ஆசுஸில் மைஆசுஸ் ஆப்புக்குள், ஹெச்பியிலும் டெல்லிலும் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்கில், தேட வேண்டியிருக்கலாம், மேக்கில் அதுவே பழக்கம் பார்த்து 80-இல் நிறுத்திக்கொள்ளும். பழைய மாடலில் இது இல்லையென்றால் கையாலேயே செய்யலாம், 80 வந்ததும் உருவிவிட்டு 30, 40-க்கு இறங்கியதும் செருகுவது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சண்டை, முழுக்க இறக்கி முழுக்க ஏற்றுவதா, கொஞ்சம் கொஞ்சமாகவா. என் மாமா இன்றைக்கும் 0 வரை இறக்கித்தான் செருகுவார். அது நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம், அந்த வகைக்குத்தான் பாதியில் ஏற்றினால் பாதியையே ஞாபகம் வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. 1991-இல் சோனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயானுக்கு அந்த ஞாபகம் கிடையாது. இன்றைக்கு 50 சதவீதமும் நாளைக்கு 50 சதவீதமும் செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சார்ஜ் சைக்கிள், அதாவது பேட்டரியின் ஒரு முழுச் சுற்று, ஆகவே அடிக்கடி செருகினால் சைக்கிள் வீணாகும் என்ற பயமும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே மேல். பேட்டரி 25 காட்டும்போதே பட்டென்று அணைந்தால் மட்டும் ஒருமுறை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றலாம். அது பேட்டரிக்கு வைத்தியம் இல்லை, சதவீதம் காட்டும் கணக்கைச் சரிசெய்வது, அவ்வளவுதான்.

0-இல் விட்டு மறந்துபோவதுதான் எல்லாவற்றிலும் மோசம். தங்கைக்குப் பள்ளியில் அரசின் விலையில்லா லேப்டாப் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் சார்ஜ் தீர்ந்த நிலையிலேயே பீரோவுக்குள் வைத்தோம், ஒரு வருடம் கழித்து எடுத்தபோது பேட்டரி எழுந்திருக்கவே இல்லை. சும்மா கிடந்தாலும் அது தானாக இறங்கும், ஒரு அளவுக்குக் கீழே போனால் பாதுகாப்பு சர்க்யூட் மறுபடி ஏற்ற அனுமதிக்காது. தப்பு எங்களுடையது. எடுத்து வைப்பதாக இருந்தால் 50 சதவீதத்தில் அணைத்து வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சார்ஜில் அதிக நேரம் ஓட்ட எது பலன் தரும் என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. ஸ்கிரீன் வெளிச்சம்தான் முதல் ஆள், அதைப் பாதியாக்குங்கள். 120, 144 ஹெர்ட்ஸ் (ஒரு நொடிக்கு இத்தனை முறை படம் புதுப்பிக்கும்) ஸ்கிரீன் என்றால் 60-க்கு மாற்றுங்கள். கறுப்புப் பின்னணி வைக்கும் டார்க் மோட், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் ஸ்கிரீனில் உதவும், சாதாரண எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் பலன் இல்லை. பேட்டரி பூஸ்டர் என்று இறக்கச் சொல்லும் ஆப்கள் வேண்டவே வேண்டாம். கவனிக்க வேண்டியது ஸ்லீப்பா ஹைபர்னேட்டா என்பது. ஸ்லீப் என்றால் கொஞ்சம் கரண்ட் இழுத்தபடி தூங்கும், ஹைபர்னேட் என்றால் திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுக்க அணையும். இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்புகள் பல, மூடி வைத்தாலும் அரைத்தூக்கத்தில் நெட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கணக்கு காட்டப் பையில் போட்டுக்கொண்டு போனேன், வடசேரியில் பஸ் இறங்கி எடுத்தபோது பையே சூடாக இருந்தது, 78 இருந்த சார்ஜ் 50-க்கு வந்திருந்தது. ஹைபர்னேட்டில் திறக்க அரை நிமிடம் கூடுதலாகும், சார்ஜ் அப்படியே இருக்கும். பத்து நிமிடம் எழுந்து போக ஸ்லீப், பையில் போட ஹைபர்னேட். விண்டோஸில் பவர் மெனுவில் ஹைபர்னேட் தெரியாவிட்டால் கன்ட்ரோல் பேனலில் போய்க் காட்டும்படி வைக்க வேண்டும்.

கரண்ட் போன நேரத்துக்கு இன்வெர்ட்டரை நம்புவதா, பவர் பேங்க் வாங்குவதா? வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அதுவே போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 1800 வாட்-அவர். அதில் பாதியை மட்டும் எடுப்பதுதான் அந்த ஈய பேட்டரிக்கு நல்லது என்று வைத்தாலும் 900 மிச்சம், லேப்டாப்புக்கு அது தாராளம். ஆனால் அதே நேரத்தில் இரண்டு ஃபேன், விளக்கு, ரௌட்டர் எல்லாம் இழுக்கும். காலியான லேப்டாப்பை இன்வெர்ட்டரில் செருகினால் 65 வாட் வரை இழுக்கும், ஏற்கெனவே நிறைந்திருந்தால் கணக்கு வேலைக்கு 10, 15 வாட்தான். ஆகவே இன்வெர்ட்டர் உள்ளவர்களும் கரண்ட் இருக்கும்போதே லேப்டாப்பை ஏற்றிவைப்பது மற்றவற்றுக்கு மிச்சம் தரும்.

பவர் பேங்க் பற்றி ஒரு எச்சரிக்கை. 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்பது 3.7 வோல்ட் கணக்கு, பெருக்கினால் 74 வாட்-அவர், வழியில் வீணாவது போக 60 கிடைத்தால் பெரிது. எனக்கு அது ஒரு முழு சார்ஜுக்கும் மேல். ஆனால் லேப்டாப் டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் வகையாக இருக்க வேண்டும், பவர் பேங்க்கும் 45 அல்லது 65 வாட் தரும் பி.டி. (பவர் டெலிவரி) வகையாக இருக்க வேண்டும், போனுக்கு வாங்கிய 22 வாட் பவர் பேங்க்கைச் செருகிவிட்டு ஏறவில்லை என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுபவர்கள் 100 வாட்-அவருக்குள் வாங்குங்கள், அதையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். வெளியூர் அலைபவருக்கு பவர் பேங்க், வீட்டிலேயே இருப்பவருக்கு இன்வெர்ட்டர், என் கணக்கு இவ்வளவுதான்.

கடைசியில் அத்தானின் 27-க்கு வருவோம். பேட்டரி மாற்றலாம் என்று விசாரித்தபோது கம்பெனி பேட்டரிக்கு 5,500 சொன்னார்கள், டூப்ளிகேட் 2,200. அவர் விலை குறைந்ததைத்தான் சொன்னார், நான் விடவில்லை, ஏனென்றால் என் பழைய லேப்டாப்புக்கு ஒரு கடையில் அப்படி ஒன்று போட்டு எட்டாவது மாதம் டச்பேட் மேலே எழும்பிவிட்டது, உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. மலிவு பேட்டரியில் செல்லும் எது என்று தெரியாது, சூட்டைக் கவனிக்கும் சர்க்யூட்டும் எப்படி என்று தெரியாது, சிலவற்றில் 80-இல் நிறுத்தும் வசதியும் வேலை செய்யாமல் போகலாம். 3,300 ரூபாய் வித்தியாசத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 100 ரூபாய்கூட இல்லை. கம்பெனி பேட்டரியே போட்டார், போட்ட அன்றே 80 செட்டிங்கையும் போட்டுக்கொடுத்தேன்.

உப்பிய பேட்டரி யார் வீட்டிலாவது இருந்தால், டச்பேட் தூக்கலாக இருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ, தயவுசெய்து அன்றைக்கே சார்ஜரை உருவி அணைத்துவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது, ஊசியால் காற்றிறக்கப் பார்க்கக் கூடாது, பிடித்து எரியும். குப்பையோடு போடவும் கூடாது. இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு, புதியது மாற்றும்போது பழையதை சர்வீஸ் சென்டரிலேயே கேட்டு ஒப்படையுங்கள். அத்தானின் பழையதை அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தோம்.