ஆர்ச்சா, டெபியனா, வாய்டா? முதல் தடவை கையால் கட்டும் லினக்ஸ்

அக்கா மகனிடம் ஒரு திங்க்பேட் டி450 இருக்கிறது. பினாங்கு கொம்தார் பக்கம் பழைய கணினி விற்கும் கடையில் 500 வெள்ளிக்கு வாங்கியது. ஐந்தாம் தலைமுறை இன்டெல் சிப், 8 ஜிபி ரேம், தட்டத் தட்ட ஆசையாக இருக்கும் விசைப்பலகை. ஆனால் விண்டோஸ் 11 அதை ஏற்காது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் பையோடு வீட்டுக்கு வந்து நின்றான்.

"மாமா, லினக்ஸ் போடப் போறேன். உபுண்டு மாதிரி எல்லாம் ரெடியா வர்றது வேணாம். நானே ஒண்ணொண்ணா அடுக்கணும். எதப் போடட்டும்?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். உபுண்டு, ஆர்ச், டெபியன், வாய்டு எல்லாம் அதன் வகைகள். பினாங்குப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. இன்டெல் 1972-லேயே ஆலை போட்ட தீவு இது. சிப் சோதனை லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியம்மாக்கள் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள். நானும் பாயான் லெப்பாஸில்தான் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க லினக்ஸோடுதான். அவன் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்டேன். இது கெட்டுப்போனால் வேலையை முடிக்க வேறு கணினி இருக்கிறதா? வாரத்தில் எத்தனை மணி நேரம் இதற்குக் கொடுக்க முடியும்? எது வேகம், எது எடை குறைவு என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். திரையில் சன்னல்களை அடுக்கும் ஒரே விண்டோ மேனேஜரை ஆர்ச், டெபியன், வாய்டு மூன்றிலும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கைக்குத் தெரியாது. ரேமைத் தின்பது பிரவுசர்தான். இந்த இரண்டு கேள்விகளில்தான் ஆர்ச்சும் டெபியனும் வாய்டும் பிரிகின்றன.

முதலில் ஆர்ச். பேர் அதிகம் அடிபடுவது இதுதான். கனடாவின் ஜட் வினெட் 2002 மார்ச்சில் முதல் பதிப்பை வெளியிட்டார். யூஎஸ்பியிலிருந்து கணினியைக் கிளப்பினால் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வரி மட்டும் காத்திருக்கும். வைஃபையை இணைப்பது, வட்டைப் பிரிப்பது, பிரித்த பகுதியில் கோப்பு முறையை எழுதுவது, அடிப்படை மென்பொருள் தொகுப்புகளை இறக்குவது, கணினியை எழுப்பும் பூட் லோடரைப் பதிப்பது எல்லாம் உங்கள் வேலை. நேர மண்டலத்தைக்கூட நீங்களே கோலாலம்பூர் என்று காட்டிக் கொடுக்க வேண்டும். (1981 முடியும் வரை தீபகற்பத்தின் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரமே முன்னால் ஓடியது. 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி நேரம். அந்த மாற்றம் கோலாலம்பூர் நேர மண்டலத்தின் சின்னக் கோப்புக்குள் இன்னும் பதிந்து கிடக்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம்.)

அவன் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஆர்ச்சின் இணையக் கையேடான ஆர்ச் விக்கியின் நிறுவல் பக்கத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்தான். இரவு 11 மணிக்கு மறுதொடக்கம் செய்தான். பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, உள்ளே போனான். முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து பயர்பாக்ஸை இறக்கப் பார்த்தான். சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தது. மறுபடி அடித்தான், மறுபடி அதே.

"மாமா, இப்பதானே நெட் வந்துச்சு?"

வந்தது யூஎஸ்பிக்குள் இருந்த லினக்ஸுக்கு. வட்டில் புதிதாக உட்கார்ந்ததற்கு, இணையத்தை இணைத்துத் தரும் நெட்வொர்க் மேனேஜரை அவன் போடவே இல்லை. ஆர்ச்சின் அடிப்படைத் தொகுப்பில் அது கிடையாது. கோப்பைத் திருத்த ஒரு எடிட்டர்கூடக் கிடையாது. சரி, மறுபடி யூஎஸ்பியைச் செருகு என்றேன். வைஃபையை இணைத்தான், வட்டின் பகுதிகளை மவுண்ட் செய்தான், வெளியே நின்றபடியே புது லினக்ஸுக்குள் நுழையும் அந்தக் கட்டளையை அடித்தான், நெட்வொர்க் மேனேஜரைப் போட்டான், கணினி எழும்போது அதுவும் எழும்படி இயக்கி வைத்தான். பதினைந்து நிமிட வேலை. நிறுவும்போது விக்கியைப் பார்த்து அடித்த வரிகளை இந்தத் தடவை எதற்கு அடிக்கிறோம் என்று தெரிந்து அடித்தான்.

ஆர்ச்சில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். நிறுவும் வழியும் மீட்கும் வழியும் ஒன்று. 2022 ஆகஸ்ட் கடைசியில் க்ரப் பூட் லோடரின் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு சிலருடைய கணினிகள் எழவில்லை. கையால் நிறுவியவர்களுக்கு யூஎஸ்பியைச் செருகி, உள்ளே நுழைந்து, சரிசெய்வது பழகிய பாதை. 2021 ஏப்ரலிலிருந்து ஆர்ச்சின் யூஎஸ்பியிலேயே ஆர்ச்இன்ஸ்டால் என்ற மெனு நிறுவி வருகிறது. நல்ல கருவிதான், இரண்டாம் மூன்றாம் கணினிக்கு நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன். முதல் தடவை மட்டும் அதைத் தொடாதீர்கள். மெனுவில் அரை மணியில் முடித்தவர் ஒரு நாள் கறுப்புத் திரை வந்தால் அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஆர்ச்சுக்குப் பதிப்பு எண் கிடையாது. புதுசு வர வர இறங்கிக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு தடவை, போனால் போகிறது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, உட்கார்ந்து முழுதாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் ஆர்ச் தளத்தின் முகப்பில் உள்ள செய்திகளை ஒரு கண் பார்க்க வேண்டும். 2025 ஜூனில் வைஃபை போன்ற வன்பொருள்களுக்குத் தேவையான ஃபர்ம்வேர் தொகுப்பைப் பல துண்டாகப் பிரித்தபோது, பழையதைக் கையால் நீக்கிவிட்டுப் புதுப்பிக்கச் சொல்லி அங்கேதான் எழுதினார்கள். பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு ஒரே ஒரு மென்பொருளைப் புதிதாக இறக்குவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பாதி புதுசு, பாதி பழசு என்று ஆனால் எது எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. தேர்வு நேரத்தில் மூன்று மாதம் மூடி வைத்துவிட்டுத் திறந்தால் தொகுப்புகள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் கையொப்பச் சாவிகள் பழசாகிப் போய்ப் புதுப்பிப்பே மறுக்கலாம். சாவித் தொகுப்பை முதலில் புதுப்பித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்ச் பயனர்கள் தாங்களே ஏற்றி வைக்கும் ஏயூஆர் களஞ்சியத்தைப் பலர் ஆர்ச்சின் பெரிய பலம் என்பார்கள். கிடைக்காத மென்பொருள் இல்லை, உண்மைதான். ஆனால் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். 2025 ஜூலையில் பிரவுசர் திருத்தம் என்ற பெயரில் கணினியை வெளியிலிருந்து கைப்பற்றும் தீநிரல் அடங்கிய மூன்று தொகுப்புகள் அங்கே ஏறின, இரண்டு நாளில் நீக்கினார்கள். முதல் ஆறு மாதம் ஏயூஆர் பக்கம் போகாதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

டெபியனை இந்த வரிசையில் வைப்பதற்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய பழைய பெரிய குடும்பம், அதில் என்ன மினிமலிசம் என்பார்கள். நெட்இன்ஸ்ட் என்ற சின்ன நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) எடுத்துப் பாருங்கள். நிறுவும்போது கடைசிப் பகுதியில் மென்பொருள் தேர்வு என்று ஒரு பட்டியல் வரும். டெஸ்க்டாப்பும், அதில் ஒரு வகையான க்னோமும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். ஸ்பேஸ் விசையால் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, அடிப்படைக் கருவிகளை மட்டும் விட்டால் ஆர்ச் மாதிரியே கறுப்புத் திரையில் வந்து நிற்கும். அவசரத்தில் என்டரைத் தட்டினால் முழு க்னோம் வந்து உட்கார்ந்துவிடும். இன்னொன்று: நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும் இடத்தைக் காலியாக விடுங்கள். அப்போதுதான் நிர்வாகி வேலைகளைச் செய்யும் சூடோ அதிகாரம் உங்கள் கணக்குக்கே கிடைக்கும். அங்கே ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, பிறகு சூடோ எங்கே என்று தேடியவர்கள் எத்தனையோ பேர்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக அடுக்கலாம். பரிந்துரைத் தொகுப்புகள் வேண்டாம் என்று, டெபியனில் மென்பொருளை இறக்கும் கருவியான ஆப்டிடம் சொல்லிவிட்டால் தேவையானது மட்டும் வரும். வட்டைப் பிரிப்பதையும் பூட் லோடரையும் நிறுவியே பார்த்துக்கொள்வதால், ஆர்ச்சில் கற்கும் பாதிப் பாடம் இங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாக நிம்மதி கிடைக்கும். டெபியன் 13 2025 ஆகஸ்ட் 9-இல் வந்தது. மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதற்கு மேல் இரண்டு ஆண்டு நீண்ட கால ஆதரவு. இடையில் வருபவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள்தான். மூன்று மாதம் மூடி வைத்துவிட்டுத் திறந்தாலும் கோபிக்காது. பதிப்புகள் கொஞ்சம் பழசாகவே இருக்கும் என்பது குறை. பத்து வருஷத்துக்கு முந்தைய டி450-க்கு அது ஒரு குறையா? புதிய கிராபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர் கவலைப்படட்டும். முன்பெல்லாம் வைஃபை ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி எடுத்து வர வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள்.

வாய்டு எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் முதல் தடவைக்குச் சொல்லத் தயங்குகிறேன். நெட்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் வேலை செய்தவர் 2008-இல் தொடங்கியது. ஆர்ச் போலவே பதிப்பு எண் இல்லாதது, ஆனால் அவசரப்படாதது. லினக்ஸின் மையமான கெர்னலைப் புதுப்பிக்கும்போது பழையதை அழிக்காமல் வைத்திருக்கும், புதியது எழவில்லை என்றால் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். இந்த ஒன்றுக்காகவே பலர் அங்கே போகிறார்கள். கணினி எழும்போது சேவைகளைத் தொடங்கி வைக்க, மற்ற இரண்டிலும் உள்ள சிஸ்டம்டிக்குப் பதில் ரன்இட். ஒரு சேவையைத் தொடங்க ஒரு லிங்க் போட்டால் போதும், அவ்வளவு எளிமை.

சிக்கல் படிப்பதில்தான். வாய்டின் கையேடு நன்றாக எழுதப்பட்டது, ஆனால் சின்னது. அதற்கு மேல் சந்தேகம் வந்தால் ஆர்ச் விக்கிக்குத்தான் போவீர்கள். அங்கே எல்லாம் சிஸ்டம்டி கட்டளைகள். அவற்றை மனதுக்குள் ரன்இட்டுக்கு மாற்றிக்கொள்ள இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும், புதியவருக்கு இரண்டுமே தெரியாது. இறக்கும்போது, எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம் ஜிலிப்சியா மசிலா என்று வேறு கேட்கும். ஜிலிப்சி என்று சொல்லுங்கள். மசிலில் ஜூம், ஸ்டீம் மாதிரி மூடிய மென்பொருள்கள் நேரடியாக ஓடாது. தொடங்கியவரே 2018-இல் தொடர்பில் இல்லாமல் போய், மற்றவர்கள் புது முகவரிக்கு இடம் மாறித் தூக்கி நிறுத்திய திட்டம் இது. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஜென்டூவைப் பற்றி அவனும் கேட்டான். எல்லாவற்றையும் மூல நிரலிலிருந்து நம் கணினியிலேயே தொகுத்துக் (கம்பைல் செய்து) கட்டும் லினக்ஸ் அது. 2023 டிசம்பர் முதல் தொகுத்து முடித்த கோப்புகளையும் தருகிறார்கள் என்றாலும், அதன் முழுச் சுவை தொகுப்பதில்தான். இரண்டு கோர் டி450-இல், பினாங்கு மத்தியான வெயிலில் குரோமியத்தைத் தொகுக்க வைத்தால் விசிறி நாள் முழுக்க அலறும். ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ், செயலிகளைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் கன்டெய்னர்களுக்குள் அருமையானது. மடிக்கணினிக்கு இப்போது வேண்டாம்.

இதுவரை சொன்னது எந்த ஊர்க்காரருக்கும் பொருந்தும். நமக்கென்று ஒன்று இருக்கிறது. நெட்வொர்க் சரியான மறுநாள் அவன் பயர்பாக்ஸைத் திறந்து ஒரு தமிழ் நாளிதழின் பக்கத்துக்குப் போனான். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகக் கட்டம் கட்டமாக நின்றது. தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. உபுண்டுவில் யாரோ யோசித்து வைத்தது, இங்கே நாம் யோசிக்க வேண்டும். ஆர்ச்சில் நோட்டோ எழுத்துருத் தொகுப்பைப் போட்டால் சரியாகிவிடும், டெபியனில் நோட்டோ அல்லது லோஹித் தமிழ். தமிழில் தட்டெழுத ஐபஸ் என்ற கருவி, அதோடு அதன் எம்17என் இணைப்பு. அதில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, ஒலிவழி அடிக்கும் முறையும் இருக்கிறது. முத்து நெடுமாறன் நம் நாட்டிலேயே உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகிய விரல்களுக்கு ஒலிவழி முறை சீக்கிரம் கைவரும். க்னோம் போன்ற முழு டெஸ்க்டாப்பில் ஐபஸ் தானே இணைந்துகொள்ளும். வெறும் விண்டோ மேனேஜர் என்றால் ஐபஸைத் தொடக்கத்தில் எழுப்பவும், செயலிகளுக்கு அதைக் காட்டவும் சில வரிகளை நாமே எழுத வேண்டும். அதை எழுதாமல் தமிழ் வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

வட்டார அமைப்பிலும் ஒரு சங்கதி. ஜிலிப்சியில் தமிழுக்கு இந்தியாவும் இலங்கையும் மட்டுமே உண்டு. மலேசியா என்று தேடினால் மலாய்தான் வரும். நான் மொழிக்குத் தமிழ்-இந்தியாவும், நாணயத்துக்கும் தாள் அளவுக்கும் மலாய்-மலேசியாவும் வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் டெபியனுக்கு என் கூடுதல் ஓட்டு. அதன் வரைகலை நிறுவியிலேயே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம், ஆங்கிலம் தயங்கும் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி.

அவனிடம் வேறு கணினி இருந்தது. கல்லூரி வேலைக்கு அக்காவின் டெஸ்க்டாப். வாரம் மூன்று மணி நேரம் கொடுக்க முடியும் என்றான். அதனால்தான் ஆர்ச் என்றேன். இருப்பது ஒரே கணினி, திங்கட்கிழமை வீட்டுப்பாடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் டெபியன் நெட்இன்ஸ்ட்தான், இரண்டாவது யோசனையே இல்லை. ஆர்ச்சில் ஒரு வருஷம் ஓட்டிய பிறகு சிஸ்டம்டி இல்லாமல் பார்க்க ஆசை வந்தால் வாய்டுக்குப் போகட்டும்.

அக்காவின் டெஸ்க்டாப்பில் போன மாதம் அவனே டெபியன் போட்டுக் கொடுத்தான், தமிழில். மென்பொருள் தேர்வுப் பட்டியல் வந்ததும் என்டருக்குப் போன அக்காவின் விரலைப் பிடித்து நிறுத்தி, "இரும்மா, முதல்ல ஸ்பேஸ்" என்றான்.