நூறு வயது டெஸ்ஸாரும் என் ஒரு நொடியும்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். 4×5 அங்குல ஃபிலிம் ஷீட் போட்டு எடுக்கும் பெரிய கேமரா ஒன்று கைக்கு வந்திருக்கிறதாம், லென்ஸ் இல்லையாம். "நீங்க வெச்சிருக்கிற அதே டெஸ்ஸார் லென்ஸ் ஒண்ணு விலை குறைஞ்சு வந்திருக்கு, வாங்கலாமா?" என்றார். கேட்ட நேரம் சரியில்லை. என்னுடைய லென்ஸோடு சேர்ந்த ஷட்டர், அதாவது சொன்ன நேரம் திறந்து மூடி வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, அன்றைக்குத்தான் மூன்றாவது முறையாக ரிப்பேரிலிருந்து வந்திருந்தது. அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் ஜெனா கம்பெனி செய்த டெஸ்ஸார், 15 செ.மீ., அதிகபட்சத் துளை எஃப் 4.5, தலையில் டயல் வைத்த பழைய காம்பூர் ஷட்டரில். சீரியல் எண்படி 1920களில் செய்தது. ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது.

கண்ணாடி பற்றி ஒரு புகாரும் கிடையாது. பால் ருடால்ஃப் 1902இல் வடிவமைத்த அதே நாலு கண்ணாடிக் கணக்குதான். கழுகுக் கண் என்று ஸைஸ் அந்தக் காலத்தில் விளம்பரம் செய்தது. எஃப் 18இல் எடுத்த நெகட்டிவை லூப் என்கிற பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதில் பொய் இல்லை என்று தெரியும். இதன் பிம்பம் 4×5 ஷீட்டை மூலைவரை மூடும், ஆனால் அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கோபுரம் எடுக்க, லென்ஸ் மாட்டியிருக்கும் முன்பலகையை ரொம்ப உயர்த்தினால் மூலைகள் இருண்டுவிடும். துளை எண்கள் 4.5, 6.3, 9, 12.5, 18 என்று பழைய வரிசையில் போகும். வெளிச்சம் அளக்கும் மீட்டர் எஃப் 8 என்று சொன்னால் 9க்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டும். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது.

பழகாதது ஷட்டர்தான். டயலில் 1, 2, 5, 10, 25, 50, 100 என்று அழகாகப் பொறித்திருக்கும்; ஒரு நொடி, அரை நொடி, ஐந்தில் ஒரு நொடி என்று அர்த்தம். அதில் கடைசி நாலும் ஓரளவு சொன்ன பேச்சு கேட்கும். முதல் மூன்றும் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் இஷ்டம். சென்னை வெயிலில் ஒரு நொடி என்றால் ஏறக்குறைய ஒரு நொடி. இரண்டு வருடம் முன்பு ஜனவரியில் கொடைக்கானலுக்குத் தூக்கிப் போனேன். விடியற்காலை, பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு மாதிரி மேகம். ஷட்டரை ஓடவிடும் கேபிள் ரிலீஸை அழுத்தினேன். ஸ்ர்ர்ர் என்று ஆரம்பித்த சத்தம் பாதியில் நின்றது. ஷட்டர் திறந்தபடியே இருந்தது. விரலால் சுண்டினேன், மூடிக்கொண்டது. அடுத்த ஷீட்டிலும் அதே கதை. நாலு ஷீட் போனது, மேகமும் போனது.

இறங்கி வந்ததும் கேமரா ரிப்பேர் கடை ஒன்றில் கொடுத்தேன். இரண்டே நாளில் "ஆயில் போட்டாச்சு சார், வெண்ணெய் மாதிரி ஓடுது" என்று திருப்பித் தந்தார்கள். ஓடியது, மூன்று வாரம். பிறகு அந்த எண்ணெய் ஷட்டரின் இதழ்களுக்குப் பரவி, எல்லாம் ஒட்டிக்கொண்டது. நானே லைட்டர் பெட்ரோல் இரண்டு சொட்டு விட்டு இன்னும் கெடுத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் காப்பாற்றியவர் ஒரு கைக்கடிகார ரிப்பேர்காரர். கண்ணில் லூப்பை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தவர் நிமிராமலே கேட்டார்: "இதுல எண்ணெய் விட்டது யாரு சார்? இது காஞ்சு கிடக்கணும்." முதல் தடவை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினார். இந்தத் தடவை பல்சக்கரப் பகுதியை மட்டும்.

சரி, இவ்வளவு பட்டும் ஏன் வைத்திருக்கிறேன்? ஆச்சி படம்தான் காரணம்.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில், முற்றத்து வெளிச்சம் முதுகில் விழும்படி ஆச்சியை உட்கார வைத்தேன். எஃப் 9, அரை நொடி. ஃபிலிமுக்குப் பதில் எக்ஸ்ரே ஷீட். 8×10ஐ நாலாக வெட்டி, ஹோல்டருக்குள் நுழைய ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் நறுக்கினால் போதும். காசும் மிச்சம், சிவப்பு விளக்கிலேயே டெவலப் செய்யலாம். அரை நொடி என்று வைத்தது எவ்வளவு ஓடியதோ, நெகட்டிவ் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் பட்ட மாதிரி, கனமாகத்தான் வந்தது. ஆனால் பிரிண்ட் போட்டபோது வாயடைத்துப் போனேன்.

இந்த லென்ஸில், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு கிடையாது. ஸைஸ் அந்த வித்தையைக் கண்டுபிடித்ததே 1935இல்தான். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் பரப்பு இதில் ஆறு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிரதிபலித்து, ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் நேர்வழி போகாது. அதில் ஒரு பகுதி உள்ளேயே சுற்றி ஃபிலிம் மேல் மெல்லிய திரையாக விழும். புது லென்ஸில் கறுப்பாகப் போயிருக்கக்கூடிய கழுத்து நிழலுக்குள் பாம்படத்தின் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெள்ளைச் சேலையின் ஓரம் லேசாகப் புகைந்தது. எக்ஸ்ரே ஷீட்டுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் வெற்றிலை போட்ட உதடு மட்டும் கன்னங்கரேல். ஆச்சி படத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏலே, வாயில என்னத்துக்குலே மைய அப்பியிருக்க?" என்றாள்.

பூச்சு உள்ள லென்ஸில் அதே இடத்தில் எடுத்தும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவ்வளவுதான்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். கோப்பல் என்ற பிற்கால ஷட்டரில் 150 மி.மீ., எஃப் 5.6 லென்ஸ் ஒன்றைத் தேடுங்கள். கோப்பல் ஷட்டர் தயாரிப்பு நின்றுபோனாலும் பழையவை கிடைக்கின்றன. அதில் ஒரு நொடி என்றால் ஒரு நொடி. ஆச்சி மாதிரி படம் வரவில்லையே என்று அப்புறம் என்னிடம் வராதீர்கள்.

நேற்று ராத்திரி என் டெஸ்ஸாரின் கண்ணாடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, போனை ஷட்டருக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைப் பதிவு செய்து அளந்தேன். ஒரு நொடிக்கு 1.1 வந்தது. நம்பிக்கை இல்லை. ஜிப் கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்து, எடுத்து, மறுபடி அளந்தேன். 1.6.