ட்ரில்லா, கோ-கோவா, மூலைக்கு ஒரு ஆட்டமா? பிரைமரி பிடி பீரியட் அலசல்

நம்ம வேலூர், காட்பாடி பக்கம் அஞ்சாவது வரைக்கும் இருக்கற ஸ்கூல்ல தனியா பிடி மாஸ்டர்லாம் பெரும்பாலும் கிடையாது, கிளாஸ் டீச்சரே விசில் எடுத்துகினு வரணும், சோ எது ஈஸியோ அதுதான் நடக்கும். லைன்ல நிக்கவச்சு ட்ரில், இல்லனா கோ-கோ, இல்லனா கிரவுண்ட்ட நாலா பிரிச்சு மூலைக்கு ஒரு ஆட்டம். நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், 40 பசங்க இருந்தா ஒரே நேரத்துல எத்தன பேர் ஓடறாங்க?

ட்ரில்ல எல்லாரும் அசையறாங்க, அதுவரைக்கும் ஓகே. ஆனா கை மேல, கை கீழ, யாருக்கும் மூச்சு வாங்காது, பசங்க சொந்தமா எதையும் யோசிக்கவும் தேவையில்ல. ஆகஸ்ட் 15க்கு நல்லா இருக்கும், அவ்ளோதான்.

கோ-கோ பாக்க செம பரபரப்பு. ஆனா கணக்கு போட்டு பாருங்க, டீமுக்கு 12 பேர், தொரத்தற டீம்ல 8 பேர் குந்திகினு இருப்பாங்க, ஒருத்தர்தான் தொரத்துவார், ஓடறது 3 பேர். ஆக மொத்தம் 4 பேர்! மீதி பேர் சுவரோரம் கத்திகினு இருப்பாங்க. குந்தினு இருக்கறவனுக்கும் டர்ன் வரும்னு சொல்லலாம், ஆனா நிஜத்துல இன்னா நடக்குது, வேகமா ஓடற புள்ளைக்கேதான் திரும்பத் திரும்ப ‘கோ’ விழும், கொஞ்சம் குண்டா இருக்கற பையன் கடைசி வரைக்கும் குந்தினே இருப்பான். மியூசிக்கல் சேர் இதவிட மோசம், யாருக்கு பிராக்டிஸ் வேணுமோ அவந்தான் ஃபர்ஸ்ட் அவுட்டு.

மூணாவது இருக்கே, அதுதான் என்னோட சாய்ஸ். ஒரு மூலைல பாண்டி, ஒண்ணுல ஸ்கிப்பிங், ஒண்ணுல பழைய சைக்கிள் டயர் உருட்டறது, இன்னொண்ணுல சுவத்துல சாக்பீஸ் வட்டம் போட்டு டென்னிஸ் பால் எறியறது, விசிலுக்கு மூலை மாறணும். எறியற எடத்துல சொல்லிக் குடுக்காதீங்க, ‘எந்தக் கால் முன்னாடி இருந்தா தூரமா போவுது?’னு கேட்டுட்டு விட்டுடுங்க. வலது கையால எறியற பொண்ணு வலது காலையே முன்னாடி வச்சா பந்து பாதியிலயே விழும், எடது கால மாத்தி வச்சா இடுப்பு திரும்புது, பந்து நேரா சுவத்துல போய் மோதுது, அத அவளே கண்டுபுடிச்சு பக்கத்துல இருக்கறவளுக்கும் சொல்லுவா.

தலைவலியும் இருக்கு. நாலு எடத்தையும் ஒரே ஆள் பாக்கணும், சத்தம் ஜாஸ்தி, எச்எம் எட்டிப் பாப்பாங்க. அப்புறம் நம்ம ஊரு வெயில், ஜூன்லயே மண்டைய பொளக்குது, மத்தியானம் கடைசி பீரியட்ல வச்சா எந்த முறையும் வேலைக்கு ஆவாது, காலைலயே வச்சுடுங்க. உலக சுகாதார நிறுவனம் 5 வயசுல இருந்து 17 வரைக்கும் சராசரியா டெய்லி 60 நிமிஷம் மூச்சு வாங்கற மாதிரி அசையணும்னு சொல்லுது, கிடைக்கற பீரியட்லயும் பாதி லைன்ல நின்னே போனா எப்டி?

நாலாவது அஞ்சாவது பசங்க கோ-கோதான் வேணும்னு அடம் புடிச்சா சின்னதா பிரிங்க. 4 பேர் குந்தட்டும், ஒருத்தர் தொரத்தட்டும், ரெண்டு பேர் ஓடட்டும், ஒருத்தர் அம்பயர், எட்டு பேருக்கு ஒரு ஆட்டம், 40 பேருக்கு அஞ்சு ஆட்டம், ஒரே நேரத்துல 15 பேர் ஓடுவாங்க. கம்பம் இல்லனா ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு செருப்ப கழட்டி வச்சா போதும்.