சர்ச்சில் டன்ட்ரா வண்டிச் சவாரி: எந்த வாரம் போவது, வண்டியில் எங்கே நிற்பது

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது சர்ச்சில். பனிக்கரடி பார்க்க அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பதிவு செய்வது இந்த ஒரு நாள் சவாரியைத்தான். மரமற்ற பனிவெளியான டன்ட்ராவில் ஓடும், ஆளுயரச் சக்கரம் பூட்டிய பெரிய வண்டி. காலையில் கிளம்பி மாலையில் திரும்பும். மதியத்துக்குச் சூப்பும் ரொட்டியும் வண்டியிலேயே கிடைக்கும், கழிப்பறையும் உள்ளேயே உண்டு. கரடி உலவும் இடம் என்பதால் நாள் முழுக்கத் தரையில் கால் வைக்க முடியாது.

எல்லாம் தேதியைப் பொறுத்தது. ஜூலை வாக்கில் விரிகுடாவின் பனிக்கட்டி உருகியதும் கரடிகள் கரையேறிவிடும். பனிக்கட்டி மேல் நின்றுதான் சீல் எனும் கடல்நாயை வேட்டையாடும் என்பதால் அதன்பின் வேட்டை இல்லை; நாளுக்கு ஏறக்குறைய 1 கிலோ எடை இழந்தபடி, உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே காலம் தள்ளும். சர்ச்சில் ஆற்றின் நன்னீர் கலப்பதால் இந்தக் கரையோரம் சீக்கிரம் உறைகிறது. நீரோட்டமும் பனிக்கட்டியை இங்கேயே கொண்டுவந்து ஒதுக்குகிறது. அதனால்தான் கரடிகள் இங்கே வந்து காத்துக் கிடக்கின்றன. அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை போவது நல்லது. ஆண் கரடிகள் பின்னங்காலில் எழுந்து நின்று விளையாட்டாக மல்லுக்கட்டுவதை அப்போது பார்க்கலாம். நவம்பர் கடைசி வாரம் சூதாட்டம் மாதிரி: பனிக்கட்டி கெட்டிப்பட்டால் சில நாட்களில் கரையே காலியாகிவிடும். சினைப்பட்ட பெண் கரடிகள் இந்தக் கூட்டத்தில் இருக்காது; உள்நிலத்தில் குழி தோண்டிப் பதுங்கியிருக்கும். குட்டியோடு வரும் தாய், ஆண் கரடிகளை விட்டு எட்டவே நிற்கும்.

வண்டியின் பின்பக்கத் திறந்த தளத்துக்காகவே இந்தச் சவாரிக்குக் காசு கொடுக்கலாம். அதன் தரை இரும்புக் கம்பிவலை. கரடி வண்டிக்கு அடியில் வந்து நின்று, நம் பூட்ஸ் அடியை முகர்ந்து பார்க்கும். மூச்சின் ஆவி கம்பி வழியே மேலே எழும். வாய் திறந்தால் கருநீல நாக்கு தெரியும். அந்த நேரத்தில் குனிந்து விரலை நீட்டக் கூடாது. கையுறை, லென்ஸ் மூடி எதுவும் கம்பிச் சந்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்ததைக் கரடி மென்று விழுங்கிவிடும், பிளாஸ்டிக்காக இருந்தாலும்.

படம் கெடுவதற்கு முக்கியக் காரணம் கேமரா இல்லை, வண்டியின் உட்புறச் சூடுதான். உள்ளே ஹீட்டர் ஓடும்போது ஜன்னலைத் திறந்தால் வெப்பக் காற்று வெளியே பாயும். குளிர்ந்த காற்றோடு அது கலக்கிற இடத்தில் கானல் போல அலையடிக்கும். விலை உயர்ந்த லென்ஸிலும் கரடியின் முடி குழைந்துதான் பதிவாகும். ஆகவே வெளித்தளத்துக்குப் போய் எடுங்கள். லென்ஸைக் கைப்பிடிச் சட்டத்தில் அழுத்தி வைக்க வேண்டாம், ஒருவர் நடந்தாலே வண்டி ஆடும். கூடுதல் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். உள்ளே திரும்பும் முன், வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்துவிடும்.

குறை என்று சொன்னால், ஓட்டுநருக்கு ஓட்டுநர் தரம் மாறுகிறது. நல்லவர் கரடி தெரிந்ததும் தூரத்திலேயே எஞ்சினை அணைத்து, அதுவாக நெருங்கி வரட்டும் என்று காத்திருப்பார். அவசரக்காரர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். கரடி எழுந்து நடந்துவிடும். பட்டினியில் இருக்கும் விலங்குக்கு அந்த வீண் நடையும் செலவுதான். மேற்கு ஹட்சன் விரிகுடாக் கரடிகள் 2016 கணக்கெடுப்பில் 842, 2021இல் 618. பதிவு செய்யும்போதே எத்தனை பேர் ஏற்றுவார்கள், நிறுத்தியதும் எஞ்சினை அணைப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். நாற்பது பேரை அடைத்தால் தளத்தில் நிற்க இடம் கிடைக்காது.

சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது. மனிடோபாவின் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து விமானம், இல்லையென்றால் இரண்டு இரவு ரயில். ரயில் தாமதமாவது சகஜம். பனிப்புயல் அடித்தால் கரடிகளும் புதரோரம் சுருண்டு படுத்துவிடும். அதனால் ஒரு நாள் சவாரியை நம்பாமல் இரண்டு நாளுக்குப் பதிவு செய்து, திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள்.